பழைய பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து கிளவுடுக்கு: கடலூர், புதுச்சேரி வியாபாரிகளுக்கு

எங்களுடையது பைப், ஃபிட்டிங்ஸ், பெயின்ட் மொத்த வியாபாரம். கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில், குடோன் முதுநகர் போகிற வழியில், கிளை புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில். கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டுக் கிளவுடுக்கு, அதாவது நெட் வழியாக வேறொரு இடத்து சர்வரில் ஓடும் சாஃப்ட்வேருக்கு, மாறி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கஷ்டத்தில் பாதி, விஷயம் தெரிந்த யாராவது முன்பே சொல்லியிருந்தால் இருந்திருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று மாதக்கணக்கில் டெமோ பார்ப்பவர்கள், பழைய கணக்கைச் சுத்தம் செய்ய ஒரு வாரம்கூட ஒதுக்குவதில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நேரமில்லாதவர்கள் ஐந்தாவது படியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. மாற வேண்டிய அவசியம் இருக்கிறதா?

பக்கத்துக் கடைக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக மாறாதீர்கள். ஆனால் கீழே சொல்வதில் ஒன்று பொருந்தினாலும் தள்ளிப்போடாதீர்கள்.

2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் உங்கள் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது) கட்டாயம். இது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடலூரில் 3 கோடி, புதுச்சேரியில் இரண்டரைக் கோடி என்று ஓட்டுபவர்கள் "ரெண்டுமே அஞ்சுக்குக் கீழதானே" என்று இருந்துவிடுகிறார்கள். விற்றுமுதலைப் பார்ப்பது பான் எண்ணை வைத்து. இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. ஒரு வருடம் தாண்டிவிட்டு அடுத்த வருடம் குறைந்துபோனாலும் கட்டாயம் கட்டாயம்தான்.

பிரைவேட் லிமிடெட்டாக இருந்தால் இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றி எழுதியாக வேண்டும். பழைய சாஃப்ட்வேரில் இதற்கு வழியே கிடையாது. பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர் கடைகளுக்கு இந்த விதி பொருந்தாது.

மூன்றாவது காரணம், கம்ப்யூட்டர். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் நின்றுவிட்டன. பழைய சாஃப்ட்வேருக்காகவே பழைய மெஷினைக் கட்டிக்கொண்டு, அதிலேயே நெட்பேங்கிங்கும் பார்ப்பது ஆபத்து.

2. காகிதங்களை ஒரு ஃபைலில் போடுங்கள்

டெமோவுக்கு ஆள் கூப்பிடும் முன்பே இவை கையில் இருக்கட்டும்: இரண்டு மாநிலத்து ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ்கள், பான், கடைசியாக ஆடிட் முடிந்த பேலன்ஸ் ஷீட், இந்த வருடத்தின் டிரயல் பேலன்ஸ் (எல்லா லெட்ஜர்களின் இருப்புப் பட்டியல்), கடைசி மூன்று மாத ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) மற்றும் 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்), எல்லா பேங்க் கணக்குகளின் ஸ்டேட்மென்ட், கேஷ் கிரெடிட் இருந்தால் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்.

சான்றிதழை எடுத்தவுடன் அதில் உள்ள முகவரிப் பட்டியலைப் பாருங்கள். குடோன் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? பல கடைகளில் இருக்காது. புது சாஃப்ட்வேரில் குடோனைத் தனி இடமாகப் போட்டு அங்கிருந்து இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) எடுக்கும்போதுதான் இது வெளியே வரும். முன்னதாகவே திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அடுத்து, ஜிஎஸ்டி, இ-இன்வாய்ஸ், இ-வே பில் போர்ட்டல்களில் பதிவாகியுள்ள மொபைல் எண் யாருடையது? 2025 ஏப்ரல் 1 முதல் இ-இன்வாய்ஸ், இ-வே பில் போர்ட்டல்களில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி தேவை. வேலையை விட்டுப் போன அக்கவுண்டன்டின் எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால், மாறுகிற அன்று அவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அவர் பண்ருட்டியில் ஏதாவது கல்யாணத்தில் இருப்பார்.

3. டெமோவில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்

ஸோஹோ புக்ஸ், டாலிபிரைமைக் கிளவுட் சர்வரில் ஓட்டுவது, இஆர்பிநெக்ஸ்ட், ஓடூ என்று நிறைய இருக்கின்றன. எது நல்லது என்று நான் சொல்லப் போவதில்லை. ஒவ்வொரு வியாபாரத்துக்கும் ஒவ்வொன்று. டெமோ காட்ட வருபவர் கலர் கலராகக் கிராஃப் காட்டுவார். அதை ஓரம் வைத்துவிட்டு, உங்கள் சொந்தப் பில் நான்கைந்தைக் கொடுத்து, கண் முன்னால் போடச் சொல்லுங்கள்.

முதல் பில் கிளைகளுக்கு இடையிலான சரக்கு மாற்றம். கடலூரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும், புதுச்சேரியின் எண் 34-இல். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், முதலாளியும் ஒரே ஆள்தான். ஆனாலும் ஜிஎஸ்டிக்கு இவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போகும் லோடுக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) போட்ட வரிப் பில் வேண்டும், 5 கோடி தாண்டியவர் என்றால் அதற்கும் இ-இன்வாய்ஸ் வேண்டும், மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் சரக்குக்கு வரம்பு 1 லட்சம்; அந்தப் பழக்கத்தில் எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிவிடக் கூடாது. சில சாஃப்ட்வேர்கள் கிளை மாற்றத்தை வெறும் குடோன் மாற்றமாகப் பதிந்து வரியே போடாமல் விட்டுவிடும். அப்படி இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது பில், பாகூர் வாடிக்கையாளருக்கு. பாகூரின் பின்கோடு 607402. கடலூர் வரிசையிலேயே இருக்கும் ஆனால் ஊர் புதுச்சேரி மாநிலம். விழுப்புரத்தின் 605602 இதற்கு நேர் எதிர்: பார்த்தால் புதுச்சேரி மாதிரி இருக்கும், இருப்பது தமிழ்நாட்டில். பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் சாஃப்ட்வேர் இங்கே தப்பான வரியைப் போடும். பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் உள்ள முதல் இரண்டு இலக்கத்திலிருந்து மாநிலத்தை எடுக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கவுண்டரில் பில் போடுகிறவரை உட்கார வைத்து மவுஸைத் தொடாமல் இருபது வரி பில் ஒன்று போடச் சொல்லுங்கள். எங்கள் கேஷியர் அண்ணன் டெமோவில் சொன்னது இது: "என்டர் தட்டித் தட்டியே பழகிட்டேன் தம்பி. மவுஸைப் பிடிச்சு நான் ஐட்டம் தேடறதுக்குள்ள, வரிசையில நிக்கிற கொத்தனாரு எதிர்க்கடைக்குப் போயிடுவாரு." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த சாஃப்ட்வேரை அன்றே கழித்துவிட்டோம். முதலாளியும் ஆடிட்டரும் மட்டும் டெமோ பார்த்து முடிவெடுக்கும் கடைகளில் இது கடைசியில்தான் தெரியவரும்.

4. செலவும் ஒப்பந்தமும்

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் இருப்பது சந்தா மட்டுமே. பெரும்பாலும் ஒரு யூசருக்கு இவ்வளவு என்று மாதமோ வருடமோ கணக்கிடுவார்கள். குடோன் பையன் ஸ்டாக் மட்டும் பார்க்கவும் ஒரு யூசர் கணக்காகுமா என்று கேளுங்கள். சந்தாவுக்கு மேல் தனியாக வருபவை: அமைத்துக் கொடுக்கும் கூலி, டேட்டா ஏற்றும் கூலி, இ-இன்வாய்ஸ் இணைப்புக் கட்டணம், பில் டிசைன் மாற்றம், பயிற்சி, முதல் வருடத்துக்குப் பிறகான சர்வீஸ். எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு; உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். டாலரில் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டி வரலாம், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஆர்டருக்கு ஒரு பங்கு, டேட்டா ஏறித் தொகைகள் ஒத்துப்போனதும் ஒரு பங்கு, முதல் மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆனபின் மீதி. முழுப் பணமும் முன்பணமாகக் கேட்பவரோடு சேர வேண்டாம். முழுப் பணமும் கைக்குப் போனபின் போனை எடுக்காத ஒருவரிடம் எங்களுக்குத் தெரிந்த ஒரு கடை மாட்டிக்கொண்டு முழித்தது.

எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. அட்மின் கணக்கு உங்கள் கம்பெனி மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும்; அமைத்துக் கொடுப்பவர் பெயரிலோ ஆடிட்டர் அலுவலகத்தின் பெயரிலோ கூடாது. சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள் வரை டேட்டாவை எக்செல்லாக எடுக்கலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால், கணக்குப் புத்தகத்தின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த விதி. சர்வர் எங்கே இருக்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

5. பழைய டேட்டாவைச் சுத்தம் செய்யுங்கள்

இதை வெளியாளிடம் விட முடியாது. உங்கள் கடையின் சரக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

பழைய சாஃப்ட்வேரில் எக்செல் எக்ஸ்போர்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அது ஓடும் ஃபோல்டரைப் பாருங்கள். ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் காலத்துச் சரக்கு என்றால் டிபிஎஃப் ஃபைல்களாக இருக்கும். லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரில் அவை நேராகத் திறக்கும். ஃபோல்டரை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள், அசலில் கை வைக்க வேண்டாம்.

ஐட்டம் பட்டியலைத் திறந்தவுடன் தலை சுற்றும். எங்கள் பட்டியலில் முக்கால் இன்ச் எல்போ ஒன்றே "எல்போ 3/4", "3/4 எல்போ", "எல்போ முக்கால்", "எல்போ 20எம்எம்" என்று வேறு வேறு பெயரில் கிடந்தது. ஒன்றில் ஸ்டாக் ஐந்நூறு, இன்னொன்றில் மைனஸ் முந்நூறு. வாங்கியது ஒரு பெயரில், விற்றது வேறு பெயரில். எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்தால்தான் ஸ்டாக் சரியாக வரும். கம்பெனி, ரகம், அளவு, பொருள் என்று பெயர் வைக்க ஒரு வரிசை முடிவு செய்து, சுவரில் ஒட்டி, எல்லோரும் அதன்படியே போடுங்கள்.

இங்கே எக்செல் ஒரு விளையாட்டு காட்டும். அளவுக் கட்டத்தில் 3/4 என்று இருந்தால் அதைத் தேதியென்று எண்ணி ஏப்ரல் 3 ஆக்கிவிடும். 1/2 பிப்ரவரி 1 ஆகிவிடும். ஃபைலைத் திறக்கும்போதே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி இறக்க வேண்டும், திறந்தபின் மாற்றினால் பலனில்லை. பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்கு இதே தொல்லை வேறு ரூபத்தில் வரும்: முந்திரியின் எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் பொருளை வகைப்படுத்தும் எண்) குறியீடு 0801, எக்செல் முன்னால் உள்ள பூஜ்ஜியத்தைத் தின்றுவிட்டு 801 என்று காட்டும். எச்எஸ்என் பற்றி இன்னொன்று: விற்றுமுதல் 5 கோடி வரை 4 இலக்கம் போதும், தாண்டினால் 6 இலக்கம் வேண்டும். இந்தச் சமயத்திலேயே ஆறாக்கிவிடுங்கள்.

பெயர்களைத் தமிழில் வைத்திருந்த கடைகளுக்குக் கூடுதல் வேலை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பெயர்கள் எக்ஸ்போர்ட் செய்தவுடன் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும். டேட்டா கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலப் பகுதி கெட்டுவிடும். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

பார்ட்டி பட்டியலில் ஒவ்வொரு ஜிஎஸ்டி எண்ணையும் ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலை. ஆனால் ரத்தான எண்ணுக்கு இ-இன்வாய்ஸ் போகாது, அது லோடு ஏற்றி வண்டி நிற்கும்போதுதான் தெரியும்.

இனி பாக்கி. "பார்ட்டிக்கு மொத்தப் பாக்கி இவ்வளவு" என்று ஒரே தொகையாக ஏற்ற, சாஃப்ட்வேர் அமைத்துக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு வேலை குறைவு. சம்மதிக்காதீர்கள். ஒவ்வொரு பில்லும் அதன் எண், தேதியோடு ஏற வேண்டும். வசூலுக்குப் போகிறவருக்கு எந்தப் பில் பழையது என்று தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். வாங்கிய பில்களில் இது இன்னும் முக்கியம். மைக்ரோ, சிறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் தராவிட்டால், பணம் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியும். எந்த சப்ளையராக இருந்தாலும் பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். தேதி தொலைந்தால் இந்த இரண்டு கணக்கும் தொலையும்.

6. எதை விட்டுவிட்டுப் போவது

பத்து வருடப் பில்லையும் கிளவுடில் ஏற்ற வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். வேண்டாம். ஐட்டம், பார்ட்டி பட்டியல், பில்வாரியான பாக்கிகள், எண்ணிய ஸ்டாக், பேங்கில் இன்னும் பாஸாகாத செக்குகள், லெட்ஜர்களின் தொடக்க இருப்பு, இவை போதும். பழைய வருடங்களைப் பழைய இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

7. நாள் குறிப்பது

சிறந்த நாள் ஏப்ரல் 1. பில் எண் வரிசை எப்படியும் புதிதாகத் தொடங்கும். போன வருடக் கணக்கு ஆடிட் முடிய செப்டம்பர் ஆகலாம். அதுவரை தற்காலிகத் தொடக்க இருப்பைப் போட்டுவிட்டு, பிறகு திருத்திக்கொள்ளலாம். ஏப்ரலைத் தவறவிட்டால் ஜூலை 1. செப்டம்பரில் ஆடிட்டரைப் பிடிக்க முடியாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊரில் இந்த வேலையை நினைக்கவே கூடாது. தீபாவளி வியாபாரம் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் வந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

நடுவருடத்தில் மாறினால் புது முன்னெழுத்தோடு புது வரிசை தொடங்குங்கள். பில் எண் மொத்தம் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். குறிகளில் சாய்கோடும் இணைப்புக்கோடும் மட்டுமே செல்லும். அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-இல் ஆவண விவரப் பகுதியில் இரண்டு வரிசையையும் காட்ட வேண்டும்.

8. நெட், கரண்ட், பிரின்டர்

கிளவுடுக்கு நெட் போனால் கடை நின்றுவிடும். இரண்டு வேறு கம்பெனி இணைப்பு வேண்டும்; ஒன்று ஃபைபர், இன்னொன்று சிம் போட்ட ரவுட்டர் என்றாலும் சரி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் போகும் நாளில் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்து ரவுட்டருக்கு இல்லாவிட்டால் பயனில்லை. சில்லறை விற்பனைக்குத் தனி வரிசை எண் போட்ட கைப்பில் புத்தகம் ஒன்று கல்லாப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரை மறந்துவிடுங்கள். பிரவுசரிலிருந்து கொடுத்தால் படமாக எண்ணி ஒவ்வொரு வரியாக இழுத்துக்கொண்டிருக்கும். இ-இன்வாய்ஸின் க்யூஆர் கட்டம் அதில் சரியாக விழாது, ஸ்கேன் ஆகாது. லேசர் வாங்குங்கள். கார்பன் போய்விடுவதால் வாங்குபவருக்கு, வண்டிக்கு, நமக்கு என்று மூன்று பிரதியும் தனித்தனியாக அச்சாகும். பேப்பர் செலவு கூடும்.

9. மாறும் நாளும் முதல் மாதமும்

முந்தைய நாள் மாலை கடையை மூடிவிட்டு ஸ்டாக் எண்ணுங்கள். எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர்; பழைய கம்ப்யூட்டர் காட்டும் எண்ணிக்கையை எழுதுபவரிடம் காட்டாதீர்கள், காட்டினால் அதையே எழுதிவிடுவார். பிறகு பழைய டிரயல் பேலன்ஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக டிக் அடியுங்கள். மொத்தம் ஒத்துப்போனால் மட்டும் போதாது.

இ-இன்வாய்ஸ் இணைப்புக்கு இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் நுழைந்து, ஏபிஐ (சாஃப்ட்வேர் இணைப்பு) பகுதியில், உங்கள் சாஃப்ட்வேரைப் போர்ட்டலோடு இணைக்கும் ஜிஎஸ்பி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, தனி யூசர்பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும். போர்ட்டலில் நீங்கள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, இது வேறு. 33-க்கு ஒருமுறை, 34-க்கு ஒருமுறை. இதை ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இரண்டு சாஃப்ட்வேரையும் சேர்த்து ஓட்டுவது ஒரு மாதம் போதும். அதற்கு மேல் யாரும் இரண்டு முறை பில் போட மாட்டார்கள். அந்த மாதத்தில் இ-இன்வாய்ஸ் புதியதிலிருந்து மட்டுமே போக வேண்டும். தப்பாகப் போன ஐஆர்என்னை (இ-இன்வாய்ஸ் பதிவு எண்ணை) 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், தாண்டினால் கிரெடிட் நோட்தான். 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இ-இன்வாய்ஸ் எடுக்காவிட்டால் போர்ட்டல் ஏற்காது.

மாதம் முடிந்தால், அடுத்த மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. முதல் முறை 7-ஆம் தேதிக்குள் புது சாஃப்ட்வேரின் ரிப்போர்ட்டை எடுத்து, இ-இன்வாய்ஸிலிருந்து தானாக நிரம்பியதோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

10. பழைய கம்ப்யூட்டர்

காயலான் கடைக்குப் போடாதீர்கள். கம்பெனி என்றால் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். ஒவ்வொரு வருடத்தின் லெட்ஜர், டேபுக், ஸ்டாக் ரிஜிஸ்டரை பிடிஎஃபாக எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று கடையில், ஒன்று மாடி வீட்டில். மழைத் தண்ணீர் புகும் முதுநகர்ப் பக்கம் தரைத்தளத்தில் எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெஷினின் நெட்டைக் கழற்றிவிடுங்கள். பின்னால் செருகியிருக்கும் லைசன்ஸ் லாக்கைக் கழற்றி பீரோவில் வைத்து, எதற்கு என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். அது இல்லாமல் சாஃப்ட்வேர் திறக்காது, பழைய பேரலல் போர்ட்டில் செருகும் ரகம் என்றால் மாற்று கிடைப்பதும் கஷ்டம். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் யாராவது விவரம் தெரிந்தவராக இருந்தால், அந்த ஹார்டு டிஸ்க்கை அப்படியே வர்ச்சுவல் மெஷினாக (வேறு கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராமாக ஓடும் கம்ப்யூட்டராக) மாற்றித் தரச் சொல்லுங்கள்; லாக்கை ஏற்கிறதா என்று அவர் முன்னாலேயே ஒரு பழைய பில்லைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.